பொனட் வெளுத்த வண்டி: பொலிஷ் போடுவதா, பெயின்ட் அடிப்பதா?

சிறு வியாபாரி ஒருவரின் சொத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தால், கடைச் சாமானுக்கு அடுத்தபடியாகப் பெறுமதி கூடியது பெரும்பாலும் வாசலில் நிற்கும் வாகனம்தான். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தப் பாவனைக்கான கார்கள் மீண்டும் வருவதற்கு 2025 பெப்ரவரி 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 2022இல் ரூபா சரிந்தபோது, வருட ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. இறக்குமதி திறந்த பிறகும், வரிகளெல்லாம் சேர்ந்து புதிய வண்டியின் விலை நம்மில் பலருக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகவே 2005, 2008, 2012 என்று பழைய தயாரிப்புகளையே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் பாகம் மாற்றி ஓட்டிவிடலாம். வெயில் தின்ற நிறத்துக்கு என்ன செய்வது?

"நானா, என்ஜின் நம்பர் வன். பொனட்டும் கூரையும் மட்டும் தேமல் படர்ந்த மாதிரி வெளுத்துப் போச்சு. ஒரு கட் அன்ட் பொலிஷ் போட்டாச் சரிதானே?" உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழும். கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் கராஜ் கராஜாக ஏறி இறங்கியதில் நான் கண்டது இதுதான்: பொலிஷ் போட்டால் சரிவரும் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்; பெயின்ட் அடிக்க வேண்டிய வண்டிக்குப் பொலிஷ் போட்டுக் காசைக் கரைக்கிறார்கள். இரண்டிலும் நட்டம் சொந்தக்காரருக்கே.

முதலில் அந்த வெளுப்பு என்னவென்று பார்ப்போம். 1980களுக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் நாம் காணும் நிறம் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் படை, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் எனும் நிறமற்ற கண்ணாடி போன்ற பூச்சு. பளபளப்பு முழுவதும் இந்தக் கடைசிப் படையின் வேலை. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் இந்த நாலு படையையும் சேர்த்தாலும் தடிப்பு 100 முதல் 150 மைக்ரோன் வரைதான் வரும். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். அதில் கிளியரின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. கட் அன்ட் பொலிஷ் என்று நாம் சொல்வது இந்த மெல்லிய படையிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுப்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் இலகுவாக விளங்கும்.

துணிக்கடைச் சகோதரர்களுக்கு வெயிலின் வேலையைச் சொல்லித் தரத் தேவையில்லை. கண்ணாடிப் பெட்டியில் வெயில் படும் பக்கம் வைத்த சேலை மடிப்போடு வெளுத்துப்போவதும், கடைக்கு வெளியே தொங்கவிட்ட பிளாஸ்டிக் வாளி ஒரு வருடத்தில் கையோடு நொறுங்குவதும் அவர்கள் தினமும் காண்பவை. கிளியரும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். சூரியனின் புற ஊதாக் கதிர் அதன் கட்டமைப்பைத் துண்டு துண்டாக அறுக்கிறது. இதைத் தடுக்கவே தயாரிப்பாளர்கள் கிளியருக்குள் கதிரை உறிஞ்சும் மருந்துகளைக் கலக்கிறார்கள். அந்த மருந்து வருடக்கணக்கில் வேலை செய்து மெல்ல மெல்லத் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு கிளியரைக் காப்பாற்ற ஒன்றுமில்லை.

"கண்டியில் குளிர்தானே, கொழும்பு மாதிரி வெயிலா?" என்று சிலர் கேட்பார்கள். உடம்புக்குத் தெரியும் சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை வடக்கே. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும்; நிழல் காலடியிலேயே விழும். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம் என்பதால் கதிரின் கடுமை ஒரு சொட்டுக் கூடுமே தவிரக் குறையாது. மெல்லிய முகில் சூட்டைக் குறைத்தாலும் புற ஊதாக் கதிரில் பெரும் பகுதியை உள்ளே விட்டுவிடும். அதனால்தான் வண்டியில் வானத்தைப் பார்த்திருக்கும் பொனட், கூரை, டிக்கி மூடி ஆகியவை முதலில் போகின்றன. கதவுகள் பதினைந்து வருடத்துக்குப் பிறகும் புதிது போல் நிற்கின்றன.

இதற்கு மேல் நமது ஊருக்கே உரிய தொல்லைகளும் உண்டு. காலை முழுக்க வெயில், பின்னேரம் மழை. சூடேறிய தகட்டில் விழுந்த மழைத்துளி காய்ந்து வட்ட வட்டமாகக் கறை விடும். கண்டி வாவியைச் சுற்றியுள்ள மரங்களில் அடையும் கொக்குகளையும் நீர்க்காகங்களையும் அந்த வீதியில் வண்டி நிறுத்துபவர்கள் மறக்க மாட்டார்கள். பேராதனைப் பூந்தோட்டப் பக்கம் வௌவால்கள். எச்சம் வெறும் அழுக்கு அல்ல. வெயிலில் இளகியிருக்கும் கிளியரில் அது ஒட்டிக் காயும்போது சுருங்கி, கிளியரையும் கடித்துக்கொண்டு போகிறது. பிறகு கழுவினால் எச்சம் போகும், தழும்பு போகாது.

மூன்று நிலை, ஒரு வாளித் தண்ணீர்

கராஜுக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. செலவு ஒரு வாளித் தண்ணீர். பொனட்டை நன்றாகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். ஈரத்தில் நிறம் ஆழமாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால், பழுது கிளியரின் மேற்பரப்பில் மட்டும்தான். மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பைத் தண்ணீர் நிரப்பியதால் பளபளப்பு வந்தது. அதையே பொலிஷும் செய்யும். இது முதல் நிலை, காசு குறைந்த நிலை.

ஈரத்திலும் வெள்ளைப் புள்ளிகளோ சிலந்தி வலை போன்ற மயிர் வெடிப்புகளோ தெரிந்தால், பழுது கிளியரின் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. பொலிஷ் போட்டால் இரண்டு வாரம் மினுங்கும், பிறகு பழைய கதை. மூன்றாவது நிலைக்குச் சோதனையே வேண்டாம். ஓரத்தை நகத்தால் கிளப்பினால் வெங்காயத் தோல் போலக் கிளியர் கழன்று வரும். அதற்கு மருந்து போத்தலில் இல்லை.

பழைய வண்டிகளிலும் சில வெள்ளை நிற வண்டிகளிலும் கிளியர் தனியாக இருக்காது, நிறமே மேற்பரப்பு. ஒரு வெள்ளைத் துணியில் (வெள்ளை வண்டியென்றால் கறுப்புத் துணியில்) கொஞ்சம் பொலிஷ் எடுத்து மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் கிளியர் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டிக்காரர் அதிர்ஷ்டசாலி, அவருடைய வெளுப்பு பெரும்பாலும் பொலிஷிலேயே போய்விடும்.

முதல் நிலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆனால் அவசரப்படும் கையில் மெஷினைக் கொடுக்காதீர்கள். பொனட்டின் மடிப்புக் கோடுகளிலும் ஓரங்களிலும் பூச்சு எப்போதும் மெல்லியதாகவே இருக்கும். ரப்பிங் கொம்பவுண்டைப் போட்டு அந்த இடத்தில் மெஷினை நிறுத்தினால் கிளியர் போய் நிறம் வெளியே வந்துவிடும். நல்ல பாஸ் அந்த ஓரங்களுக்கு டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்குவார். ஒட்டாமல் தொடங்குபவரிடம் வண்டியைக் கொடுக்க என் மனம் ஒப்பாது. இன்னொன்று, பெருநாளுக்குப் பெருநாள் கனமான கட்டிங் போடும் பழக்கம். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோன் போகிறது, இருப்பதோ 40, 50தான். வண்டியின் ஆயுளில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் கனமான கட்டிங் தாங்காது என்பது என் கணிப்பு. கட்டிங் முடிந்ததும் அதன் மேல் மெழுகோ சீலன்டோ போட்டு, மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தால்தான் அந்தச் செலவு நிற்கும். இப்போது எல்லாரும் பேசும் செரமிக் கோட்டிங்கும் நல்ல கிளியருக்கு மேல் போடும் காப்புதான். வெடித்த கிளியருக்கு மேல் போட்டால் வெடிப்பையும் சேர்த்துக் காப்பாற்றும்.

மூன்றாவது நிலைக்கு வந்தவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "நிறம் நல்லா இருக்கு, உரிஞ்ச இடத்துக்கு மட்டும் கிளியர் அடிச்சு விடுறேன், குறைஞ்ச செலவு" என்று ஒருவர் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உரிந்த இடத்தைச் சுற்றியுள்ள பழைய கிளியரும் உயிர் போனதுதான். புதிய கிளியரின் ஓரம் அதில் பிடித்து நிற்காது. கூரையின் நடுவில் பழையதும் புதியதும் சந்திக்கும் கோடு சில மாதங்களில் மேலெழும், பிறகு உரியும். கிளியர் இல்லாமல் வெயிலில் கிடந்த நிறமும் மாவாகிப் போயிருக்கும், அதன் மேல் எதுவும் பிடிக்காது. சரியான வேலை என்பது அந்தப் பகுதி முழுவதிலும் பழைய கிளியரைச் சாண்ட் பேப்பரால் எடுத்து, நிறத்தைப் புதிதாக அடித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை டூ கே கிளியர் போடுவது. பொனட் என்றால் நாலு பக்கமும் திறந்த ஓரம், வேலை சுலபம். கூரை என்றால் இரு பக்கமும் உள்ள ரப்பர் பீடிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். பீடிங்குக்கு டேப் ஒட்டி அடித்த கூரை, அந்த டேப் ஓரத்திலிருந்துதான் முதலில் உரியத் தொடங்கும்.

சிலர் கடையில் விற்கும் ஸ்ப்ரே டின்னை வாங்கித் தாமே அடிக்கிறார்கள். சாதாரண டின்னில் ஹார்ட்னர் கிடையாது. பெற்றோல் சிந்தினாலே இளகும் பூச்சு அது, நமது வெயிலுக்கு எத்தனை நாள் நிற்கும்? வேறு சிலர் உரிந்த கூரைக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பார்க்க எடுப்புத்தான். ஸ்டிக்கரைக் கழற்றும் நாளில் மிச்சமிருந்த கிளியரும் அதோடு வந்துவிடும். கறுப்பு கூடுதலாகச் சூடேறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிறம் பொருந்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் நிறக் குறியீடு கதவுத் தூணிலோ பொனட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொடுத்தால் பெயின்ட் கலக்கும் கடையில் கணினியைப் பார்த்துக் கலந்து தருவார்கள். ஆனால் அது வண்டி பிறந்த அன்றிருந்த நிறம். பதினைந்து வருட வெயிலுக்குப் பின் கதவின் நிறம் கொஞ்சமாவது நகர்ந்திருக்கும். ஆகவே பெற்றோல் டாங்கியின் வெளி மூடியைக் கழற்றி, பொலிஷ் செய்து, கலக்கும் கடைக்குக் கையோடு கொண்டுபோவது அனுபவசாலி பாஸ்மாரின் வழக்கம். இந்தச் சாட்டில் நிறத்தையே மாற்றிவிட நினைப்பவர்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுச் சான்றிதழிலும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இது நமது ஊர்ப் பாஸ்மாரின் குறை என்றோ, பழைய ஜப்பான் வண்டியின் குறை என்றோ யாரும் நினைக்கத் தேவையில்லை. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ், போர்ட் போன்ற பெரிய கொம்பனிகளின் வண்டிகளிலேயே நிறம் தகடு தகடாக உரிந்தது. இடையில் இருக்க வேண்டிய பிரைமர் படை சில தயாரிப்புகளில் விடப்பட்டதால், வெயில் நிறத்தைத் துளைத்து அடியிலுள்ள துருத் தடுப்புப் படையைத் தாக்கியது. மேலே உள்ளது பிடியிழந்து கழன்றது. ஒரு படையில் மிச்சம் பிடித்தவர்கள் பிறகு வாடிக்கையாளரின் கோபத்தைச் சம்பாதித்தார்கள்.

செலவும் விலையும்

இனி வியாபாரக் கணக்கு. முதலில் கராஜில் மொத்த விலை கேட்காதீர்கள். பனல் ஒன்றுக்கு எவ்வளவு, எந்த வகைக் கிளியர், நிறமும் சேர்த்தா, பீடிங் கழற்றுவதும் சேர்த்தா என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டு மூன்று இடத்தில் இப்படிக் கேட்டால் மலிவான விலை ஏன் மலிவு என்பது தானாகத் தெரியவரும். பிறகு வண்டியை உள்ளபடியே கார் சேல்காரர் இருவரிடம் காட்டி விலை கேளுங்கள். உரிந்த பொனட்டைக் காட்டி அவர்கள் கழிக்கும் தொகை பெயின்ட் செலவைவிடக் கூடுதலென்றால் அடித்துவிட்டு விற்கலாம். குறைவென்றால் அப்படியே விற்பது புத்தி.

விற்கப் போகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று. பெயின்ட் அடிக்குமுன் உரிந்த பொனட்டை வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்து வையுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். இன்று வாங்குபவர்கள் பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவியோடு வருகிறார்கள். மற்றப் பகுதிகள் 120 காட்டும்போது பொனட் மட்டும் 250 காட்டினால், "முன்னால் அடிபட்ட வண்டி" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பூட்டி போட்ட இடமென்றால் அளவு அதைவிடப் பல மடங்கு கூடும். அது வெயிலுக்கு அடித்த பெயின்ட்தான், விபத்து அல்ல என்று நிரூபிக்க உங்களிடம் படம் இருந்தால் பெயின்டுக்குச் செலவழித்த காசு திரும்பி வரும். இல்லாவிட்டால் நல்ல வேலை செய்ததற்காகவே விலை குறையும்.

வாங்கும் பக்கம் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன். மழை தூறும்போதும் மஃரிபுக்குப் பிறகும் வண்டி பார்க்காதீர்கள். ஈரத்திலும் மின்விளக்கிலும் எல்லா வண்டியும் மாப்பிள்ளைதான். காய்ந்த வண்டியை நண்பகல் வெயிலில் பாருங்கள். சிலிக்கோன் எண்ணெய் தடவி வெளுப்பை மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சவர்க்காரத் தண்ணீரால் ஒரு மூலையைக் கழுவித் துடைத்தாலே வேஷம் கலைந்துவிடும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவத்தை ஜும்ஆ மேடைகளில் கேட்டவர்கள்தான் நாம். பொனட்டுக்கும் அதே சட்டம். அந்த சிலிக்கோனால் இன்னொரு கேடும் வரும். பின்னர் பெயின்ட் அடிக்கும்போது அது இருந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். விரைவில் பெயின்ட் அடிக்கவிருக்கும் வண்டிக்கு இத்தகைய பொலிஷ்களைத் தொடவே விடாதீர்கள்.

சாமான் ஏற்றும் வேனுக்கு என் ஆலோசனை வேறு. அதற்குக் கல்யாண வீட்டு மினுக்கம் தேவையில்லை. வெள்ளை வேனின் கூரை உரிந்திருந்தால், சுத்தமாகத் தேய்த்து, கிளியர் வேண்டாத டூ கே வெள்ளையை அடித்துவிட்டால் போதும், செலவும் குறையும். அப்படியே விட்டுவைக்கலாமா என்றால், கொஞ்சக் காலம் விடலாம். கிளியர் போன மறுநாளே துரு வராது, அடியில் நிறமும் பிரைமரும் இருக்கின்றன. ஆனால் நிறமும் மாவாகி அடிப்படை வெளியே தெரியத் தொடங்கினால் தாமதிக்காதீர்கள். அந்தப் படைகள் வெயிலில் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. துரு பிடித்த பிறகு அது பெயின்ட் வேலை அல்ல, டிங்கரிங் வேலை; பில் இரண்டு மடங்கில் நிற்காது. காப்புறுதியையும் நம்ப வேண்டாம். அது விபத்துக்கு உரியது, வெயிலால் வந்த தேய்மானத்துக்கு அல்ல.

கராஜ் வைத்திருப்பவர்களுக்கு

இந்தப் பத்தியை வாசிப்பவர்களில் கராஜ் முதலாளிமாரும் இருப்பீர்கள். டூ கே கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் எனும் இரசாயனம் இருக்கிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகளவில் முக்கிய காரணங்களில் அது ஒன்று. வாசனை தெரியாத அளவிலேயே நுரையீரலைப் பாதிக்கும். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு சிறு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். அந்தப் பிள்ளை அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். கைக்குட்டையும் கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க்கும் இதற்கு ஒரு தடையுமல்ல. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகக்கவசம்தான் முறை. அடித்து முடிந்த பிறகும் தூசி போல அது காற்றில் நிற்கும் என்பதால், துப்பாக்கியை வைத்த கையோடு கவசத்தைக் கழற்றவும் கூடாது. மாதத்துக்குச் சில பனல் அடிக்கும் சிறு கராஜுக்கு இந்தச் செலவு கட்டாது என்றால், கிளியர் வேலையைச் சரியான பூத் வைத்திருக்கும் இடத்துக்குக் கொடுத்துவிட்டு, தேய்க்கும் வேலையையும் பூட்டி வேலையையும் தாம் செய்வது நியாயமான வியாபாரம். நிறம் பூசும் கராஜுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை என்பதும் தெரிந்ததே. வீடுகள் நெருங்கிய ஒழுங்கைகளில் இதற்காக வரும் அயலவர் சண்டைகளுக்குக் குறைவில்லை.

காலமும் முக்கியம். கண்டியில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஒக்டோபரிலும் நவம்பரிலும் கொட்டும். ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்தால் வாயுவை வெளிவிட்டுப் பூச்சுக்குள் ஊசிமுனைக் குமிழிகளை உண்டாக்கும். பூத் இல்லாத கராஜில் அடிப்பதென்றால் வருடத்தின் முதல் மூன்று மாதத்தில், வெயில் ஏறிய முற்பகலில் அடிக்கச் சொல்லுங்கள். நோன்பு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வரும் வருடங்களில் பெருநாளுக்கு முந்திய வாரம் எல்லாக் கராஜிலும் நெரிசல். அந்த அவசரத்தில் ஒரு படைக்கும் மறு படைக்கும் இடையில் விட வேண்டிய பத்துப் பதினைந்து நிமிடத்தைக்கூட விடமாட்டார்கள், ஆகவே முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த பின் முதல் ஒரு மாதம் மெழுகு வேண்டாம், புதிய கிளியர் முழுதாக இறுக விடுங்கள். கழுவுவது வெறும் தண்ணீரால், நிழலில். துணி துவைக்கும் பவுடரைத் தொடவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கிப் பூச்சு வெளிறும், காற்றுப் போகும் துணி உறையே நல்லது. எச்சம் விழுந்தால் காய்ந்ததைச் சுரண்டாமல், நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் போட்டு ஊறவைத்துப் பிறகு எடுங்கள். வாவி வீதியில் கடை உள்ளவர்கள் டிக்கியில் ஒரு போத்தல் தண்ணீரும் பழைய பெனியன் துணி ஒன்றும் வைத்திருப்பது நல்லது.